முளைக்காத பற்கள்: பென்னாகரம் பகுதிச் சிறுவன் ஒருவனின் ரன்எக்ஸ்2 மரபணுக் குறைபாடு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் எந்தக் குறை தென்பட்டாலும் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் மக்களிடம் மட்டுமல்ல, எங்களைப் போன்ற பல் மருத்துவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இந்தப் பகுதியின் நைஸ், சார்னோக்கைட் பாறைகளின் இடுக்குகளில் தேங்கும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் ஏராளம். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பழுப்புக் கறை படிந்த முன்பற்களை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். அப்படி அன்றாடம் பார்ப்பதாலேயே வேறொன்று கண்ணில் படாமல் போகக்கூடும் என்பதற்கு இங்கே விவரிக்கப்படும் சிறுவன் ஒரு சான்று. மிகுதியான ஃப்ளோரைடால் பல்லில் கறை படியும் ஃப்ளோரோசிஸ் அவனுக்கு இருந்தது உண்மை. ஆனால் அவனுடைய நோய் அதுவல்ல.

வந்த குறையும் முந்தைய வரலாறும்

பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன், மேல்வாய் முன்பற்கள் இன்னும் முளைக்கவில்லை என்ற குறையுடன் பெற்றோரால் அழைத்துவரப்பட்டான். பால் பற்களே தேய்ந்து குட்டையாகி ஈறோடு ஒட்டி நின்றன. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கத்துக்கு இவன் விஷயத்தில் அதிகம் வேலை இருக்கவில்லை என்று தாய் சொன்னார். கீழ்வாயின் நடுவில் இரண்டு பற்கள் விழுந்து, மிகத் தாமதமாக இரண்டு முளைத்தன, அவ்வளவே. பள்ளியில் நடந்த மருத்துவ முகாம்களில் ஒவ்வொரு முறையும் அட்டையில் ஃப்ளோரோசிஸ் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது.

இதற்கு முன்பு வேறொரு சிகிச்சையகத்தில் மேல்வாயின் இரண்டு பால் கோரைப்பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். "பிடுங்கினா புதுசு தானா வந்துடும்னு சொன்னாங்க சார், ரெண்டு வருஷம் ஆச்சு, வெறும் ஈறுதான் இருக்குது" என்றார் தந்தை. இந்த ஒரு வாக்கியம்தான் எங்களை முதலில் நிறுத்தி யோசிக்கவைத்தது. பல் வரும் வழியில் பால் பல் மட்டுமே தடையாக இருந்திருந்தால், அதை எடுத்த ஓராண்டுக்குள்ளாவது அடியில் உள்ள பல் ஈறை முட்டியிருக்க வேண்டும்.

சிறுவனின் தாய் தன் சொந்தத் தாய்மாமனை மணந்தவர். அதாவது சிறுவனின் தாய்வழிப் பாட்டியும் தந்தையும் உடன்பிறந்தவர்கள். ஆறு வயதில் ஒரு தங்கை உண்டு. சிறுவன் நன்றாகப் படிக்கிறான்; காதில் அடிக்கடி சீழ் வரும் என்பதைத் தவிர வேறு பெரிய நோய் வந்ததில்லை என்றார்கள். அவன் பிறந்த காலத்தில் வீட்டில் குடித்தது போர் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாய்க்கு வந்தது அவன் பள்ளியில் சேர்ந்த பிறகு.

பரிசோதனை

வாயில் 4 நிரந்தர முதல் கடைவாய்ப் பற்களும் கீழ்வாய் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இருந்தன. மற்றவை எல்லாம் பால் பற்கள். அந்த ஆறு நிரந்தரப் பற்களின் எனாமலிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற குறுக்குக் கோடுகளும் இடையிடையே பழுப்புக் கறையும் தெளிவாகத் தெரிந்தன. இது பல் ஃப்ளோரோசிஸ்தான், ஐயமில்லை. மேலண்ணம் உயர்ந்து குறுகியிருந்தது.

வாயை விட்டுக் கண்ணை எடுத்துப் பார்த்தபோதுதான் மற்றவை வரிசையாக வெளிப்பட்டன. நெற்றி இருபுறமும் புடைத்து நடுவில் ஒரு பள்ளம் ஓடியது. உச்சியில் விரலை வைத்தால், ஒன்றரை வயதுக்குள் மூடியிருக்க வேண்டிய உச்சிக்குழி 13 வயதிலும் மெத்தென்று அமுங்கியது. வயதுக்குரிய உயரம் இல்லை. கழுத்து நீண்டு தோன்றியது. உண்மையில் கழுத்து நீளமல்ல, தோள்கள் இரண்டும் சரிந்து இறங்கியிருந்தன. பள்ளிப் பை தோளில் நிற்பதே இல்லை, ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டே இருக்கும் என்று தாய் சொன்னதும், சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோள்களையும் முன்னால் கொண்டுவரச் சொன்னோம். சற்றும் சிரமமின்றி, மோவாய்க்குக் கீழே இரண்டு தோள்முனைகளும் ஒன்றையொன்று தொடுமளவுக்குக் கொண்டுவந்து காட்டினான். வகுப்பில் இதைச் செய்துகாட்டச் சொல்லி நண்பர்கள் கேட்பார்களாம். அவனுக்கு அது ஒரு வித்தை. அதைச் செய்ய முடிவதற்குக் காரணம், தோளை நெஞ்செலும்போடு சேர்த்து விறைப்பாக நிறுத்தும் காறையெலும்பு முழுமையாக இல்லை என்பதே.

அருகில் நின்ற தந்தையைப் பார்த்தோம். அவரும் குட்டை, அவருக்கும் அதே நெற்றி, அதே சரிந்த தோள்கள். ராகி மூட்டையைத் தோளில் வைத்தால் நிற்காது என்பதால் எப்போதும் தலைச்சுமையாகவே தூக்கிவந்திருக்கிறார். வாயில் பாதிப் பற்கள் முளைக்கவே இல்லை. முளைத்தவற்றிலும் பல போய்விட்டன. சாப்பிடச் சிரமமில்லையா என்று கேட்டதற்கு, "களிக்குப் பல்லு எதுக்கு சார்?" என்றார். களியை மென்று தின்பவன் எங்கள் மாவட்டத்துக்காரனே அல்ல என்பது உண்மைதான். ஆனால் நாற்பது வயதை எட்டாத ஒரு மனிதர் ஒரு நோயோடு இத்தனை காலம் பெயர் தெரியாமலே வாழ்ந்துவிட முடிந்ததற்கு இந்தச் சாப்பாட்டு முறையும் ஒரு காரணமோ என்று தோன்றியது.

படங்களும் ஆய்வக முடிவுகளும்

முழுத்தாடை எக்ஸ்ரேயில் காணாமற்போன பற்கள் அத்தனையும் இருந்தன, அவற்றுக்கு மேலும் இருந்தன. வராத நிரந்தரப் பற்கள் எலும்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்க, அவற்றினிடையே ஐந்து மிகைப் பற்கள் செருகியிருந்தன. பால் பற்களின் வேர்கள் கரையத் தொடங்கவே இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் வலது காறையெலும்பின் தோள்பக்கப் பகுதி இல்லை. இடதுபுறம் எலும்பு இரண்டு துண்டுகளாக, நடுவே இடைவெளியுடன் காணப்பட்டது. விலாக்கூடு மேலே குறுகி மணி வடிவில் இருந்தது. மண்டையோட்டுத் தையல்களில் சிறுசிறு தனி எலும்புத் துண்டுகள் பதிந்திருந்தன. இடுப்பின் முன்பக்கத்தில் இரு எலும்புகளும் சேருமிடம் அகன்று திறந்திருந்தது.

தைராய்டு சுரப்பு, கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவை இயல்பாக இருந்தன. வைட்டமின் டி குறைந்திருந்தது. எலும்பு உருவாவதைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி வளரும் சிறுவனுக்கு இருக்க வேண்டிய அளவின் கீழ்விளிம்பில் நின்றது.

வேறு எதுவாக இருக்கலாம் என்ற வாதம்

ஃப்ளோரைடு இதையெல்லாம் செய்யுமா என்பதே முதல் கேள்வி. எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுவரை, உடலுக்குள் போகும் மிகுதியான ஃப்ளோரைடு எனாமலின் கனிமமாதலைக் கெடுக்கிறது. அதன் விளைவு கோடு, கறை, குழி. பல்லின் எண்ணிக்கையை அது கூட்டாது, காறையெலும்பை உருவாகாமல் தடுக்காது, உச்சிக்குழியைத் திறந்துவைக்காது. எலும்பு ஃப்ளோரோசிஸில் எலும்பு வழக்கத்தைவிட அடர்ந்து வெளுத்துத் தெரியும். தசைநார்கள் எலும்போடு சேருமிடங்களில் சுண்ணாம்பு படியும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரும்பாலும் உயரும். இந்தச் சிறுவனிடம் இவற்றில் ஒன்றும் இல்லை.

சற்றே சிக்கலான போட்டி பிக்னோடிஸ்ஆஸ்டோசிஸ் என்ற நோயிலிருந்து வந்தது. அதிலும் உயரம் குறையும், உச்சிக்குழி மூடாது, பற்கள் தாமதமாகும், சிலரிடம் காறையெலும்பின் முனையும் குறைந்திருக்கும். கேதெப்சின் கே என்ற நொதிக்குரிய மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதானால் மட்டுமே அது வரும் என்பதால், உறவுமுறைத் திருமணத்தில் பிறந்த குழந்தை என்றவுடன் அதை நினைப்பதே முறை. ஆனால் அந்நோயில் எலும்புகள் அடர்ந்து, எளிதில் முறிபவையாக இருக்கும். விரல்நுனி எலும்புகள் கரைந்து விரல்கள் மழுங்கியிருக்கும். கீழ்த்தாடைக் கோணம் மறைந்து நேராகிவிடும். எங்கள் சிறுவனின் எலும்பு அடர்த்தி இயல்புக்குச் சற்றுக் குறைவு, விரல்நுனிகள் முழுமை, தாடைக்கோணம் தெளிவு. வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸும் உச்சிக்குழி மூடுவதைத் தாமதப்படுத்தும். ஆனால் அதற்குரிய மணிக்கட்டு மாற்றங்கள் படத்தில் இல்லை, வைட்டமின் டி குறைவு மட்டும் மிகைப் பற்களுக்கு விடை சொல்லாது. தைராய்டுக் குறைவு இரத்தச் சோதனையிலேயே விலகியது.

எஞ்சியது காறையெலும்பும் மண்டையோடும் சரியாக உருவாகாத கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா. பிரெஞ்சு மருத்துவர்கள் பியேர் மரீயும் பால் செய்ன்தோனும் 1898-இல் பெயரிட்ட நோய் இது. பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இலேசான வடிவங்கள் கண்டுபிடிக்கப்படாமலே போவதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஒரே மூதாதையரிடமிருந்து பெருகிய ஒரு குடும்பத்தில் இந்நோய் தலைமுறை தலைமுறையாக வருவதை ஜாக்சன் 1951-இல் பதிவுசெய்தார்.

சிறுவனின் இரத்த மாதிரி பெங்களூருவில் உள்ள ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. இந்நோய்க்குக் காரணமான ரன்எக்ஸ்2 மரபணுவின் ஒரு பிரதியில், குறியீட்டு வரிசையின் 674-ஆவது இடத்தில் ஜி என்ற எழுத்துக்குப் பதிலாக ஏ இருந்தது. இதனால் புரதத்தின் 225-ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தைக் குளூட்டமின் பிடித்திருந்தது. உலகின் பல பகுதிகளில் ஒன்றோடொன்று உறவில்லாத குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட மாற்றம் இது. தந்தையிடமும் இதே மாற்றம் இருந்தது. தாயிடம் இல்லை.

இந்த மரபணு என்ன செய்கிறது

ரன்எக்ஸ்2 ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. முன்பு இதைச் சிபிஎஃப்ஏ1 என்று அழைத்தார்கள். பழைய நூல்களில் அந்தப் பெயரே இருக்கும். இது உருவாக்கும் புரதம் ஒரு படியெடுத்தல் காரணி. எலும்பின் கட்டுமானப் பொருளாக அது எங்கும் இருப்பதில்லை. செல்லின் உட்கருவுக்குள் சென்று, டிஎன்ஏயின் குறிப்பிட்ட வரிசைகளில் அமர்ந்து, எந்த மரபணு எப்போது எவ்வளவு வேலைசெய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. புரதத்தில் 128 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ரன்ட் என்ற பகுதிதான் டிஎன்ஏயைப் பிடிக்கிறது; சிபிஎஃப் பீட்டா என்ற துணைப் புரதம் சேர்ந்தால் அந்தப் பிடி இறுகுகிறது. பல வகையாகவும் ஆகக்கூடிய இளம் இணைப்புத்திசுச் செல் எலும்பாக்கச் செல்லாக மாறுவது இந்தக் காரணியின் உத்தரவால்தான். அதன்கீழ் ஆஸ்டெரிக்ஸ் என்ற இன்னொரு படியெடுத்தல் காரணியும், ஆஸ்டியோகால்சின் போன்ற எலும்புப் புரதங்களும் இயங்குகின்றன.

1997-இல் இது வெளிப்பட்ட விதம் இத்துறையில் நினைவில் நிற்கும் ஒன்று. இரண்டு பிரதிகளும் நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் குருத்தெலும்பால் ஆன எலும்புக்கூட்டுடன் பிறந்து, எலும்பாகாத விலாக்களால் மூச்சுவிட முடியாமல் உடனே இறந்தன. ஒரு பிரதி மட்டும் நீக்கப்பட்ட எலிகள் பிழைத்தன; ஆனால் அவற்றின் காறையெலும்பு குறைந்திருந்தது, உச்சிக்குழி திறந்திருந்தது. கொமோரி, ஓட்டோ ஆகியோரின் குழுக்கள் எலிகளில் இதைக் காட்டிய அதே ஆண்டில், முண்ட்லோஸ் குழுவினர் மனித நோயாளிகளிடம் இந்த மரபணுவின் பழுதைக் காட்டினர்.

ஆக, நோய்க்குக் காரணம் நச்சுப் புரதம் அல்ல, அளவுக் குறைவு. ஒரு பிரதி சரியாக இயங்கியும் அது போதவில்லை. எங்கள் சிறுவனின் 225-ஆவது ஆர்ஜினின், புரதம் உட்கருவுக்குள் சென்று சேர்வதற்குத் தேவையான பகுதியில் ரன்ட் முடியும் விளிம்பில் இருக்கிறது. அது மாறிய புரதம் உருவானாலும் வேலைசெய்யும் இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை, டிஎன்ஏயையும் பிடிப்பதில்லை.

பாதி அளவு போதாது என்றால் எல்லா எலும்பும் ஏன் ஒரேபோல் கெடவில்லை? கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவது காறையெலும்பு. அதன் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் குருத்தெலும்பின் வழியே போகாமல் இணைப்புத்திசுவிலிருந்து நேரடியாக எலும்பாகின்றன. அந்த நேரடி வழிக்குத்தான் இக்காரணி மிகுதியாகத் தேவைப்படுகிறது என்று கருதப்படுகிறது. தொடையெலும்பு போன்றவை நீண்ட காலம் எடுத்துக்கொண்டு குருத்தெலும்பு வழியாக வளர்வதால் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கின்றன, உயரக்குறைவோடு தப்புகின்றன.

பற்களின் கதை இன்னும் நுட்பமானது. பல் முளைப்பது என்பது பல் மேலே தள்ளுவது மட்டுமன்று. அதன் மேலுள்ள எலும்பு கரைந்து வழிவிடுவதுமாகும். எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கும் ரேங்க்எல் என்ற சமிக்ஞையை எலும்பாக்கச் செல்களும் பல்லைச் சூழ்ந்த பையின் செல்களும்தான் அனுப்புகின்றன. ரன்எக்ஸ்2 பாதியானால் அந்த அழைப்பும் மெலிகிறது. எலும்பு கரைவதில்லை, பால் பல்லின் வேரும் கரைவதில்லை. மறுபுறம், பல் உருவாக்கி முடித்தபின் மறைந்துபோக வேண்டிய திசு முழுவதும் மறையாமல் தங்கி, மீண்டும் பல்லை உருவாக்குகிறது. மிகைப் பற்கள் அப்படித்தான் வருகின்றன. முதல் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் பால் பல் இல்லை, அவற்றின் மேலுள்ள எலும்பும் குறைவு. ஆகவே அவை பெரும்பாலும் உரிய காலத்தில் வந்துவிடுகின்றன. பிடுங்கிய இடத்தில் இரண்டு ஆண்டாக வெறும் ஈறு இருந்ததன் காரணமும் இதுவே. தடை பால் பல்லில் இல்லை.

சிகிச்சை

பால் பற்களை மொத்தமாக எடுத்துவிட்டுப் பல்செட் போடலாம் என்ற யோசனையும் முன்பு இந்தக் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டிருந்தது. உள்ளே முழுப் பல்வரிசையும் இருக்கும் 13 வயதுச் சிறுவனுக்கு அதைச் செய்வது எனக்கு ஏற்புடையதல்ல. டொராண்டோ–மெல்போர்ன், பெல்ஃபாஸ்ட்–ஹாம்பர்க், ஜெருசலேம் என்று ஊர்ப்பெயர்களால் அறியப்படும் சிகிச்சை முறைகள் அறுவைகளின் எண்ணிக்கையிலும் காலத்திலும் வேறுபட்டாலும், மிகைப் பற்களை எடுத்து, உள்ளிருக்கும் நிரந்தரப் பல்லின் முகத்தைத் திறந்து, அதில் கொக்கி ஒட்டி மெல்ல இழுத்துக் கொண்டுவர வேண்டும் என்பதில் உடன்படுகின்றன. பல்லின் வேர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருப்பது இழுப்பதற்கு ஏற்ற பருவம். வயதைவிட வேரைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும், ஏனெனில் இவர்களுடைய பல் வயது உண்மை வயதுக்குச் சில ஆண்டுகள் பின்தங்கியிருக்கும்.

சேலத்தில் வாய் அறுவை மருத்துவரும் பல்சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து, முழு மயக்கத்தில் மேல்வாய் முன்பகுதியின் மிகைப் பற்களையும் பால் வெட்டுப்பற்களையும் எடுத்து நான்கு வெட்டுப்பற்களைத் திறந்தனர். குறுகிய மார்பும் உயர்ந்த அண்ணமும் இருப்பதால் மயக்க மருத்துவருக்கு நோய் விவரம் முன்கூட்டியே எழுதி அனுப்பப்பட்டது. முளைத்திருந்த முதல் கடைவாய்ப் பற்களை ஊன்றுகோலாகக் கொண்டு இழுவிசை கொடுக்கப்பட்டது. நடு வெட்டுப்பற்கள் இரண்டும் ஓராண்டுக்குள் ஈறைத் தாண்டி வந்தன, ஃப்ளோரோசிஸ் கறையோடு. அடுத்த கட்டமாகக் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் உள்ளன. இது பல ஆண்டு வேலை, பென்னாகரத்திலிருந்து மாதந்தோறும் பஸ் ஏறும் வேலையும்கூட. கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம் என்பதால், ஊருக்கு அருகிலேயே கம்பி முறுக்கிவிடும் பணியை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

வைட்டமின் டி, கால்சியம் கொடுக்கப்பட்டன. காது கேட்கும் திறன் சோதனையில் இலேசான குறைவு தெரிந்து, சிகிச்சை நடக்கிறது. உச்சிக்குழி முழுதும் மூடும்வரை கபடி வேண்டாம் என்று சொன்னதுதான் சிறுவனுக்குப் பெரிய வருத்தம்.

குடும்பம்

"சொந்தத்துல கட்டினதாலதானே சார் இப்படி?" என்று தந்தை கேட்டார். தாயின் முகத்தைப் பார்த்தால், இந்தக் கேள்வி அந்த வீட்டில் பல வருடங்களாக அவர்மேல் விழுந்துவந்தது என்பது புரிந்தது. இல்லை என்று தெளிவாகச் சொன்னோம். இது ஒரு பிரதி பழுதானாலே வெளிப்படும் நோய். தந்தை யாரை மணந்திருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்திருக்கும். தந்தையின் பெற்றோர் இருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் இருவரும் நல்ல உயரமும் முழுப் பல்வரிசையும் உடையவர்கள் என்று உறவினர்கள் சொல்வதும், தந்தையின் உடன்பிறந்தவரான தாய்வழிப் பாட்டியிடம் குறி எதுவும் இல்லாததும் சேர்ந்து, இந்த மாற்றம் தந்தையிடமே புதிதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று எண்ணவைக்கின்றன. இந்நோயில் அப்படிப் புதிதாகத் தோன்றுவது அரிதல்ல.

ஆனால் அதோடு நிறுத்திவிடுவது பாதி உண்மையைச் சொல்வதாகும். இந்த மாற்றம் குடும்பத்துக்குள் வந்துவிட்ட பிறகு, அடுத்த தலைமுறையில் இதைச் சுமக்கும் இருவர் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று மணந்தால், இரண்டு பிரதிகளும் பழுதான கரு உருவாக நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு ஏற்படும். எலிகளில் அதன் முடிவு என்ன என்பது மேலே சொல்லப்பட்டது. ஆகவே உறவுமுறைத் திருமணம் இந்தச் சிறுவனின் நோய்க்குக் காரணமல்ல, அவனுடைய பிள்ளைகள் காலத்தில் பேச வேண்டிய பொருள் என்று விளக்கினோம். தாய் இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தங்கையின் உச்சிக்குழியும் திறந்திருந்தது; காறையெலும்பின் முனை இருபுறமும் குறைவு; மரபணுச் சோதனையில் அதே மாற்றம். அவளுடைய முழுத்தாடை எக்ஸ்ரேயில் மிகைப் பற்கள் இப்போதைக்குத் தென்படவில்லை. வெட்டுப்பற்களின் வேர் வளர்ச்சியைப் பார்த்து முதல் அறுவையைத் திட்டமிட அவளுக்குக் காலம் இருக்கிறது, அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை. இடுப்பெலும்பு குறுகியிருந்தால் பிற்காலத்தில் பிரசவம் அறுவையில் முடிய வாய்ப்பு அதிகம் என்பதும் அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டில் இப்போதே எழுதிவைக்கப்பட்டுள்ளது. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நோயின் பெயரையும் மரபணுவின் பெயரையும் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம், அடுத்த பள்ளி முகாமில் காட்டுவதற்காக.